ஈரான் மீதான தடைகள்: ஒரு பழைய வங்கிக்காரனின் பதில்

கடலூர் முதுநகரில் இருந்துகொண்டு போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. "ஈரான் மேல் அமெரிக்கா நாற்பது வருஷத்துக்கும் மேலாகப் பொருளாதாரத் தடை போட்டிருக்கிறது. தடை வேலை செய்கிறது என்றால் அணு விவகாரம் ஏன் முடியவில்லை? வேலை செய்யவில்லை என்றால் ஏன் விடாமல் போடுகிறார்கள்? இதில் நமக்கு என்ன?"

நான் புதுச்சேரியில் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அரசியல் நிபுணர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். நான் வங்கி மேசையில் உட்கார்ந்து பார்த்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

தம்பி, தடை வலிக்கத்தான் செய்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் "நீ இதைச் செய்தால் இந்த வலியை நிறுத்துகிறேன்" என்று சொல்பவரின் வாக்கை எதிராளி நம்பினால்தான் அந்த வலியால் பேரம் படியும். அமெரிக்க அதிபரால் ஒரே கையெழுத்தில் தடை போட முடிகிறது. போட்டதை அப்படி எடுக்க முடிவதில்லை. இந்த விவகாரம் இழுத்துக்கொண்டே போவதற்கு இதைத்தான் முதல் காரணமாக நினைக்கிறேன்.

முதலில் தடை எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்போம். பலர் நினைப்பதுபோலக் கடலில் போர்க்கப்பல் நின்று சரக்கை மறிப்பதில்லை. பண்ருட்டி முந்திரிப் பருப்பு துபாய்க்குப் போகிறது என்று வையுங்கள். பணம் டாலரில் வருகிறது. துபாய் வாங்குபவரின் வங்கி, நியூயார்க்கில் ஒரு வங்கியில் டாலர் கணக்கு வைத்திருக்கும். நம் வங்கியும் அங்கே அதேபோல ஒரு டாலர் கணக்கு வைத்திருக்கும், அதை நாஸ்ட்ரோ கணக்கு என்போம். டாலர் அந்த ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நகர்வது நியூயார்க்கில். ஆக, வாங்குபவரும் விற்பவரும் அமெரிக்காவை எட்டிக்கூடப் பார்க்காவிட்டாலும், பணம் ஒரு நொடியாவது அமெரிக்கச் சட்டத்தின் கீழ் நிற்கிறது. அமெரிக்க நிதித்துறைக்கு அந்த ஒரு நொடி போதும்.

இதில் இரண்டு வகை உண்டு. அமெரிக்கர்கள் ஈரானோடு வியாபாரம் செய்யக் கூடாது என்பது ஒன்று. 1995-ல் கிளிண்டன் போட்ட உத்தரவு அந்த வகை. ஈரானோடு வியாபாரம் செய்யும் பிற நாட்டவரையும் தண்டிப்போம் என்பது இன்னொன்று. 1996-ல் சின்னதாகத் தொடங்கிய இந்த இரண்டாவது வகைதான் 2010-க்குப் பிறகு கழுத்தை நெரித்தது. ஈரானோடு தொழில் செய்கிற வங்கிக்கு நியூயார்க் கணக்கு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எந்த வங்கி அதைத் தாங்கும்? 2014-ல் பிரான்சின் பிஎன்பி பாரிபா வங்கி சூடான், ஈரான், கியூபா ஆகிய நாடுகளுக்காகப் பணம் நகர்த்தியதற்கு ஏறத்தாழ 890 கோடி டாலர் அபராதம் கட்டியது. அந்தத் தொகையைப் படித்த பிறகு உலகத்தில் எந்த வங்கி அதிகாரியும் ஈரான் என்ற பெயர் உள்ள காகிதத்தில் கையெழுத்துப் போடத் துணியமாட்டார்.

காகிதத்தில் ஈரான் பெயரே இல்லாவிட்டாலும் பயம் வரும். எங்கள் கிளையில் ஒரு முந்திரி ஏற்றுமதியாளரின் பணம் வெளிநாட்டு வங்கி ஒன்றில் வாரக்கணக்கில் நின்றது. சரக்கு துபாய் ஜெபல் அலிக்குத்தான் போனது. ஆனாலும் கேள்விமேல் கேள்வி: கடைசியில் யார் வாங்குகிறார்கள்? கப்பல் ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகம் வழியாகப் போகிறதா? வாங்குபவரின் பங்குதாரர் பெயர் தடைப் பட்டியலில் உள்ள இன்னொரு பெயர் மாதிரி இருக்கிறதே? எல்.சி. (வாங்குபவரின் வங்கி தரும் பண உத்தரவாதம்), பில் ஆஃப் லேடிங் (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது) எல்லாம் சரியாக இருந்தும் ஒவ்வொன்றுக்கும் கடிதம் எழுதினோம். யாரும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. அந்த மனிதர் மட்டும் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வட்டிக்கு வாங்கினார். சட்டம் போட்ட கோட்டுக்குப் பத்தடி முன்னாலேயே வங்கிகள் நின்றுவிடும் என்பதை அப்போதுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

இதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் ஈரானே அல்ல, வட கொரியா. 2005 செப்டம்பரில் சீனாவின் மக்காவ் நகரில் உள்ள பாங்கோ டெல்டா ஆசியா என்ற சின்ன வங்கியை, கள்ளப்பணம் புழங்கும் இடம் என்று அமெரிக்க நிதித்துறை அறிவித்தது. அங்கிருந்த வட கொரியப் பணம் சுமார் 2.5 கோடி டாலர் முடங்கியது. அதே மாதம் 19-ம் தேதி பெய்ஜிங்கில் ஆறு நாடுகள் உட்கார்ந்து, வட கொரியா அணு ஆயுதத்தைக் கைவிடும் என்று கூட்டறிக்கை வெளியிட்டிருந்தன. ஒரு துறை கை குலுக்குகிறது, இன்னொரு துறை பையைப் பிடுங்குகிறது. வட கொரியா பேச்சுவார்த்தையிலிருந்து எழுந்து போனது. 2006 அக்டோபர் 9 அன்று முதல் அணுகுண்டுச் சோதனை.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் விசேஷம். 2007-ல் மறுபடி ஒரு உடன்பாடு வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க அமெரிக்கா ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தப் பணத்தைத் தொட எந்த வங்கியும் முன்வரவில்லை. சீனாவின் பாங்க் ஆஃப் சைனாகூட மறுத்துவிட்டது. கடைசியில் அமெரிக்காவின் சொந்த மத்திய வங்கியின் நியூயார்க் கிளையும் ரஷ்ய மத்திய வங்கியும் நடுவில் நின்று, ரஷ்யாவின் தூரக்கிழக்கில் உள்ள ஒரு வங்கிக்கு அனுப்பிவைத்தார்கள். வெறும் 2.5 கோடி டாலர்! தடை போட்டவனே "எடுத்துக்கொண்டு போ" என்று சொல்லியும் மாதக்கணக்கில் நகராத பணம். அது நகர்ந்த பிறகுதான், ஜூலை மாதம், யோங்பியோன் அணு உலை மூடப்பட்டது.

இப்போது ஈரானுக்கு வருவோம். அணு விஷயத்தில் தேர்வுக்கும் உதவும் ஒரு கணக்குச் சொல்கிறேன். செய்தியில் 3.67 சதவீதம், 20, 60, 90 என்று எண்கள் வரும். 60-லிருந்து 90 ரொம்பத் தூரம் என்று தோன்றும். உண்மை அப்படியில்லை. மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுவில் ஏழுதான் நமக்கு வேண்டிய யுரேனியம்-235. அந்த ஏழு அணுவையும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துக்கொண்டே போவதுதான் செறிவூட்டல். ஆயிரத்தை 175 ஆகக் குறைத்தால் 4 சதவீதம், மின் உலைக்குப் போதும். 35 ஆக்கினால் 20 சதவீதம். 12 ஆக்கினால் 60 சதவீதம். 8 ஆக்கினால் 90, அதாவது குண்டுக்கு ஆகும். ஆயிரத்திலிருந்து 175-க்கு வருவதற்குள்ளேயே பாதிக்கு மேல் உழைப்பு தீர்ந்துவிடுகிறது. 60-ல் நிற்பவன் வாசற்படியில் நிற்கிறான்.

2006 ஏப்ரலில் ஈரான் 164 சென்ட்ரிஃபியூஜ்களை (செறிவூட்டுவதற்காக வேகமாகச் சுழலும் இயந்திரங்கள்) வைத்து 3.5 சதவீதம் எட்டினோம் என்று அறிவித்தது. அந்த டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் முதல் தடைத் தீர்மானம் போட்டது. அப்புறம் 2007, 2008, 2010 என்று வரிசையாகத் தீர்மானங்கள். 2012-ல் ஐரோப்பா எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது, உலக வங்கிகள் ஒன்றுக்கொன்று பணத் தகவல் அனுப்பும் ஸ்விஃப்ட் வலையிலிருந்து ஈரான் வங்கிகள் துண்டிக்கப்பட்டன. எண்ணெய் ஏற்றுமதி பாதிக்கும் கீழே போனது, ஈரான் நாணயமான ரியால் விழுந்தது. இதே காலத்தில் அந்த 164 சென்ட்ரிஃபியூஜ் சுமார் 19,000 ஆனது. தடைக்கு ஆதரவாகப் பேசுபவர் முதல் பாதியைச் சொல்வார், எதிர்ப்பவர் இரண்டாம் பாதியைச் சொல்வார். இரண்டும் நடந்தது.

அப்படியென்றால், ஈரான் அணுத் திட்டத்தைக் குறைக்க, பதிலுக்குத் தடை நீங்கும் என்ற 2015 ஒப்பந்தம் எப்படி வந்தது? தடை நெருக்கியதால் வந்தது என்பது பாதிக் கதைதான். ஈரான் மண்ணில் ஒரு சென்ட்ரிஃபியூஜ்கூடச் சுற்றக் கூடாது என்ற பழைய பிடிவாதத்தை ஒபாமா அரசு தளர்த்தியது. ஓமானில் ரகசியமாகப் பேச்சு நடந்தது. 2013 ஜூனில் ஈரான் அதிபர் தேர்தலில் ரூஹானி ஜெயித்தார். நவம்பரில் ஜெனீவாவில் இடைக்கால உடன்பாடு, 2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் முழு ஒப்பந்தம். ஈரான் ஒத்துக்கொண்டது கொஞ்சமில்லை. செறிவு 3.67 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, இருப்பு 300 கிலோவுக்கு மேல் கூடாது, நடான்ஸ் செறிவூட்டல் ஆலையில் 5,060 பழைய ரக சென்ட்ரிஃபியூஜ் மட்டும், மலைக்கடியில் உள்ள ஃபோர்டோவில் 15 ஆண்டு செறிவூட்டல் இல்லை, அராக் உலையின் நடுப்பகுதியில் கான்கிரீட் கொட்ட வேண்டும். 11 டன்னுக்கு மேல் யுரேனியத்தை ரஷ்யாவுக்குக் கப்பலேற்றினார்கள். 2016 ஜனவரி 16 அன்று ஐநாவின் அணுசக்தி முகமை எல்லாம் சரி என்று சான்று கொடுத்தது, தடைகள் நீங்கின.

காகிதத்தில் நீங்கின. நடந்ததைக் கேளுங்கள். 2016 மே மாதம் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி லண்டனில் ஐரோப்பிய வங்கியாளர்களைக் கூட்டி, "சட்டப்படி செய்யக்கூடிய ஈரான் தொழிலைச் செய்யுங்கள், பயப்படாதீர்கள்" என்றார். தடை போட்ட நாட்டின் அமைச்சரே வந்து கெஞ்சுகிற காட்சி! எச்எஸ்பிசி வங்கியின் தலைமைச் சட்ட அதிகாரி ஸ்டூவர்ட் லெவி பத்திரிகையில் கட்டுரை எழுதி, எங்கள் வங்கி செய்யாது என்று வெளிப்படையாகச் சொன்னார். யார் இந்த லெவி? புஷ், ஒபாமா இருவர் காலத்திலும் அமெரிக்க நிதித்துறையில் உட்கார்ந்து ஈரானுக்கும் வட கொரியாவுக்கும் எதிரான இந்த வங்கித் தடைகளை வடிவமைத்தவர். கதவுக்குப் பூட்டுச் செய்தவரே அது திறக்காது என்கிறார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். எச்எஸ்பிசி 2012-ல்தான் 190 கோடி டாலர் அபராதம் கட்டியிருந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டேன்.

இன்னொரு சிக்கல், தடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. அணுவுக்காக ஒரு அடுக்கு, ஏவுகணைக்காக ஒன்று, பயங்கரவாத ஆதரவு என்று 1984-லிருந்து ஒன்று, மனித உரிமைக்காக வேறொன்று. ஒப்பந்தம் முதல் அடுக்கை மட்டும்தான் தொட்டது. அதையும் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமாக ரத்து செய்யவில்லை, அதிபர் அவ்வப்போது தள்ளிவைத்தார், அவ்வளவுதான். அந்த நாடாளுமன்றம் ஒரு தடைச் சட்டத்தை எடுக்க எவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளும் தெரியுமா? சோவியத் யூனியன் யூதர்களை வெளியேற விடவில்லை என்று 1974-ல் போட்ட வணிகக் கட்டுப்பாடு ரஷ்யாவுக்கு நீங்கியது 2012-ல். சோவியத் யூனியன் மறைந்தே 21 வருஷம் ஆகியிருந்தது.

ஈரான் ஏர் 100 ஏர்பஸ் விமானத்துக்கு ஆர்டர் கொடுத்தது. வந்தது மூன்று. பிரான்சின் டோட்டல் எண்ணெய் நிறுவனம் தெற்கு பார்ஸ் எரிவாயு வயலில் முதலீடு செய்ய 2017-ல் கையெழுத்துப் போட்டு, அடுத்த ஆண்டே வெளியேறியது. ஏனென்றால் 2018 மே 8 அன்று டிரம்ப் ஒப்பந்தத்திலிருந்து விலகினார். ஈரான் தன் வாக்குறுதிகளை நிறைவேற்றி வருகிறது என்றே அணுசக்தி முகமை அதுவரை சொல்லிவந்தது. ஈரான் ஓராண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு, 2019-லிருந்து படிப்படியாக மீறத் தொடங்கியது. 2021 ஜனவரியில் 20 சதவீதம், ஏப்ரலில் 60 சதவீதம். 2025 ஜூனில் 60 சதவீத யுரேனியம் 440.9 கிலோ இருந்தது என்பது முகமையின் மதிப்பீடு.

அடகுக்கடையில் கடனைக் கட்டிய பிறகும் நகை திரும்பி வரவில்லை என்றால், அந்தத் தெருவில் யாரும் அடுத்த தவணையைக் கட்டமாட்டார்கள். 2018-க்குப் பிறகு தெஹ்ரானில் பேரத்துக்கு ஆதரவாக இருந்தவர்களின் வாய் அப்படித்தான் அடைபட்டது. ஈரான் ஆட்சி மேல் எனக்கு எந்தப் பரிவும் கிடையாது. தன் பெண்களையும் மாணவர்களையும் அது நடத்துகிற விதம் உலகம் பார்த்தது. நடான்ஸைப் பிறர் வெளிப்படுத்திய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள், ஃபோர்டோவை மேலை நாடுகள் அம்பலப்படுத்தச் சில நாள் முன்புதான் முகமையிடம் சொன்னார்கள். அதனால் சந்தேகப்படுபவர்களை நான் தப்புச் சொல்லமாட்டேன். ஆனால் நம்பிக்கைக் கணக்கில் இரண்டு பக்கமும் பற்று இருக்கிறது.

தடையால் யார் கொழுத்தார்கள் என்பதும் பார்க்க வேண்டியது. நேர் வழி அடைபட்டால் குறுக்கு வழி வைத்திருப்பவன் ராஜா. ஈரான் ராணுவத்தின் ஒரு பிரிவான புரட்சிக் காவல்படையோடு தொடர்புள்ள நிறுவனங்கள், துபாய் இடைத்தரகர்கள், இருப்பிடக் கருவியை அணைத்துவிட்டு மலேசியா பக்கக் கடலில் கப்பலுக்குக் கப்பல் எண்ணெய் மாற்றுபவர்கள், அதை மலிவாக வாங்கும் சீனாவின் ஷான்டோங் மாகாணத்துச் சிறு சுத்திகரிப்பு ஆலைகள். மருந்துக்குத் தடையே கிடையாது, சட்டத்தில் தெளிவாக விலக்கு இருக்கிறது. ஆனாலும் தோல் உரிந்து புண்ணாகும் ஒரு அரிய நோய் உள்ள ஈரான் குழந்தைகளுக்கு விசேஷக் கட்டுத்துணி அனுப்பிக்கொண்டிருந்த ஐரோப்பிய நிறுவனம் 2018-க்குப் பிறகு நிறுத்திக்கொண்டது. சட்டம் போட்ட கோட்டுக்குப் பத்தடி முன்னால் நிற்பது என்றேனே, அதன் விலை இது.

"தடையால் அணுத் திட்டத்தை நிறுத்த முடியுமா?" என்ற கேள்விக்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை போகும் வழியில் கல்பாக்கம் இருக்கிறது. 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு கனடா ராஜஸ்தானில் உள்ள ராவத்பாட்டாவின் இரண்டாவது உலையைப் பாதியில் விட்டுப் போனது. கல்பாக்கம் உலைகளை நாமே கட்டினோம், முதலாவது 1983-ல் இயங்கத் தொடங்கியது. அங்குள்ள சிறிய வேக ஈனுலை பிரெஞ்சு வடிவமைப்பு. பிரான்ஸ் செறிவூட்டிய யுரேனியம் தர மறுத்ததும், புளூட்டோனியம் கலந்த கார்பைடு எரிபொருளை நம் விஞ்ஞானிகளே உருவாக்கி 1985-ல் ஓட்டினார்கள். நாமும் தாமதப்பட்டோம், செலவு கூடியது, நிற்கவில்லை.

1998 சோதனைக்குப் பிறகும் தடை வந்தது. அந்த ஆகஸ்டில் ஸ்டேட் வங்கி ரிசர்ஜென்ட் இந்தியா பாண்டு வெளியிட்டு வெளிநாட்டு இந்தியர்களிடம் 420 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருந்த நம்மவர் பணம் அதில் நிறைய. 2001 செப்டம்பரில் தடை போய்விட்டது. 2008-ல் அணு வணிகத்துக்கே சிறப்பு விலக்கு. பதிலுக்கு நாம் ஒரு குண்டைக்கூடக் கைவிடவில்லை. அமெரிக்காவுக்கு நம் தேவை மாறியது, தடை கரைந்தது. ஈரான் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடு, நாம் இடாத நாடு, அந்தச் சட்ட வித்தியாசம் உண்மைதான். இருந்தாலும் தடை நீங்குவதில் அணுவைவிட உறவுக்குத்தான் கூடுதல் பங்கு என்று நினைக்கிறேன். அந்த 2008 விலக்குக்காகப் பேசிக்கொண்டிருந்தபோதே, 2005 செப்டம்பரில் இந்தியா அணுசக்தி முகமையில் ஈரானுக்கு எதிராக வாக்களித்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

நமக்கு என்ன என்று கேட்டீர்கள். சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலைக்கான நிறுவனம் 1965-ல் ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்தையும் பங்காளியாகச் சேர்த்துத் தொடங்கப்பட்டது. இன்றைக்குச் சிபிசிஎல் (சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன்) என்று பெயர். அதில் ஈரான் குழும நிறுவனம் ஒன்று சுமார் 15.4 சதவீதப் பங்கு வைத்திருப்பது பலருக்குத் தெரியாது. 2012-ல் ஐரோப்பியக் காப்பீடு நின்றபோது, ஈரான் எண்ணெய் ஏற்றும் நம் கப்பல்களுக்கு அரசுக் காப்பீட்டு நிறுவனங்களே 5 கோடி டாலர் வரை பொறுப்பேற்றன. அமெரிக்காவில் கிளை இல்லாத யூகோ வங்கியில் ரூபாய்க் கணக்கு திறந்து, எண்ணெய் விலையில் 45 சதவீதத்தை அதில் போட்டோம். அந்த ரூபாயை வைத்து ஈரான் நம்மிடம் பாஸ்மதியும் தேயிலையும் மருந்தும் வாங்கியது. எங்கள் தொழிலில் இருந்தவர்கள் அந்த ஏற்பாட்டை ரசித்துப் பேசுவோம். ஈரான் எண்ணெய் வாங்க நமக்குத் தந்திருந்த விலக்கை 2019 மே மாதம் அமெரிக்கா நிறுத்தியதும் எண்ணெய் நின்றது. கணக்கில் ரூபாய் வற்றியது. அரிசி அனுப்பியவர்கள் பணத்துக்கு அலைந்தார்கள்.

கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுக்குப் போடும் டீசலும், வீட்டுக்கு வரும் சிலிண்டரும் ஹோர்முஸ் நீரிணையோடு கட்டப்பட்டவை. உலகம் பயன்படுத்தும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அந்த வழியாகப் போகிறது. நாம் இறக்குமதி செய்யும் சமையல் எரிவாயுவிலும் பெரும்பகுதி அங்கிருந்துதான். 2025-ல் ஏப்ரலில் தொடங்கி ஓமான் மத்தியஸ்தத்தில் ஐந்து சுற்றுப் பேச்சு நடந்தது. ஆறாவது ஜூன் 15 என்று நாள் குறித்திருந்தார்கள். 13-ம் தேதி இஸ்ரேல் தாக்கியது, 22-ம் தேதி அமெரிக்கா ஃபோர்டோ, நடான்ஸ், இஸ்ஃபஹான் மேல் குண்டு போட்டது. செப்டம்பர் இறுதியில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் சேர்ந்து ஐ.நா. தடைகளைப் பழையபடி கொண்டுவந்துவிட்டன.

புது உடன்பாடு என்று எப்போதாவது செய்தி வந்தால், கை குலுக்கும் படத்தை விடுங்கள். முகமையின் ஆய்வாளர்கள் அந்த 440 கிலோவை நேரில் எடைபோட்டார்களா என்று பாருங்கள். ஐரோப்பாவில் ஒரு நடுத்தர வங்கி ஈரான் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு எல்.சி. திறந்ததா, அது ஆறு மாதம் கழித்தும் அந்தத் தொழிலில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் செய்தி முதல் பக்கத்தில் வராது, வணிகப் பக்கத்தின் மூலையில் தேட வேண்டும். 2015 ஒப்பந்தத்தை ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் ஏற்றுக்கொண்ட தீர்மானத்தின் எண் 2231, தேர்வுக்கு அதை மறக்காமல் படித்துவையுங்கள், அடிக்கடி கேட்கிறார்கள்.